சகுராமோச்சி: டோக்கியோ வகையா, ஒசாகா வகையா?

சகுராமோச்சி, செர்ரி இலையில் சுற்றித் தரும் ஜப்பானிய இனிப்பு. ஆனால் சகுரா என்றால் செர்ரிப் பூ மட்டுமில்லை. ஜப்பானில் குதிரை இறைச்சிக்கும், கடைமுன் வாடிக்கையாளராக நடிப்பவருக்கும் அதே பெயர். உணவுப் பட்டியலில் 'மோச்சி' சேர்ந்திருந்தால்தான் இனிப்பு.

டோக்கியோவின் சோமெய்ஜி: கோதுமை மாவைத் தோசைபோல் வார்த்து, அசுகி பயறு விழுதைச் சுருட்டியது.
ஒசாகா பக்கத்துத் தோமியோஜி: பசையரிசியை வேகவைத்து உலர்த்திய குருணையில் பிடித்த உருண்டை. கடித்தால் பருக்கை பருக்கையாகத் தட்டுப்படும்.

செய்முறை: முன்னதற்குத் தோசைக்கல் போதும். பின்னதற்கு அந்தக் குருணை கிடைக்க வேண்டும்.
மறுநாள்: பசையரிசி இறுகிவிடும், ஃப்ரிட்ஜில் இன்னும் மோசம்.

இலை இரண்டுக்கும் ஒன்றுதான், உப்பில் ஊறிய செர்ரி இலை. பச்சை இலையில் அந்த வாசம் இல்லை; ஊறும்போதுதான் கூமரின் என்ற மணப்பொருள் வெளிப்பட்டு மணக்கிறது.

முதல்முறை வீட்டில் செய்பவர்களுக்குச் சோமெய்ஜி சரி. மென்று சாப்பிடப் பிடிக்குமா, தோமியோஜிதான். என் ஓட்டும் அதற்கே.