ஸ்கோபஸ் பேப்பர் என்று சொல்லி 38,500 ரூபாய் பறித்துவிட்டார்கள்: பிளானிங் ஸ்காலர்கள் கவனத்துக்கு

நேற்று இரவு வரை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை எங்கள் நூலகர் அக்கா ஐந்தே நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிட்டார், நான் பணம் கட்டிய ஜர்னல் தளம் போலி என்று. போனது 38,500 ரூபாய், என் ஒரு மாத உதவித்தொகையைவிட அதிகம். நகரத் திட்டமிடலில் பிஎச்டி செய்கிறவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். எப்படித் தப்பிப்பது என்றும் கீழே சொல்கிறேன்.

என் ஆய்வு சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பெரும்பாக்கம் பற்றியது. கூவம் கரையிலிருந்து அங்கே குடியமர்த்தப்பட்ட பெண்கள், பழைய வீட்டுவேலைக்கு நகரத்துக்குள் வந்துபோக எவ்வளவு நேரம் தொலைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, சரி. நேரம்? 64 பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய கட்டுரை அது.

பிஎச்டிக்குப் பேப்பர் கட்டாயம் என்பதை 2022 விதிகளிலேயே யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) எடுத்துவிட்டது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் இன்னும் வைத்திருக்கின்றன. சினாப்சிஸ், அதாவது ஆய்வேட்டுக்கு முன் தரும் சுருக்கம், கொடுக்க எனக்கு ஒரு ஸ்கோபஸ் பேப்பர் வேண்டும்: ஸ்கோபஸ் என்ற சர்வதேச ஆய்விதழ்த் தரவுதளத்தில் இருக்கும் ஜர்னலில் வந்த கட்டுரை. ஒழுங்கான ஜர்னல் என்றால் ரிவியூவுக்கே மாதக்கணக்கில் ஆகும். அந்த அவசரத்தில்தான் ஒரு 'பப்ளிகேஷன் சர்வீஸு'க்குக் கட்டுரையை அனுப்பினேன்.

மறுநாளே அந்த சர்வீஸிலிருந்து போன். "மேடம், உங்க மூணாவது டேபிள் ரொம்ப முக்கியமானது. காலை ஷிப்ட், மாலை ஷிப்ட்னு பயண நேரத்தைப் பிரிச்சிருக்கீங்களே, இதை யாருமே செய்யலை" என்றார். அந்த டேபிளுக்காக நான் எத்தனை நாள் பஸ் ஸ்டாப்பில் நின்றேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதுவரை யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அங்கேதான் விழுந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை. அவர்கள் சொன்ன ஜர்னலின் ஐஎஸ்எஸ்என் எண்ணை (ஒவ்வொரு இதழுக்கும் தரப்படும் அடையாள எண்) ஸ்கோபஸ் பட்டியலில் தேடினேன், இருந்தது. ஏன் இருக்காது? ஐரோப்பாவில் நிஜமாகவே வெளிவரும் ஒரு ஜர்னலின் பெயரையும் எண்ணையும் திருடி, வேறு முகவரியில் அதே மாதிரி ஒரு தளத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். நான்கே நாளில் அக்செப்டன்ஸ் கடிதம் வாட்ஸாப்பில் வந்தது. ரிவியூவர் கருத்து இரண்டே வரி. 38,500 ரூபாயைப் போடச் சொன்ன கணக்கு ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கு. கேட்டதற்கு "எங்க டிரஷரர் மேடம்" என்றார். அனுப்பிவிட்டேன்.

கட்டுரை வந்தது. பெரும்பாக்கம் வரைபடம் பக்கவாட்டில் இழுபட்டுக் கிடந்தது. இரண்டாம் பக்கத்தில் என் கைடு எழுதி, நான் அழிக்க மறந்த "இந்த எண்ணைச் சரிபார்" என்ற குறிப்பு அப்படியே அச்சாகியிருந்தது. ஒருத்தர்கூடப் படிக்கவில்லை! டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர இணைய அடையாளம்) தட்டினால் அப்படி ஒன்றே இல்லை என்று வருகிறது.

கேட்டால், "இன்டெக்சிங்குக்கு, ஸ்கோபஸ்ல ஏற, எட்டு வாரம் ஆகும் மேடம்." எட்டு வாரம் கழித்து, "எடிட்டர் லீவ்ல இருக்கார்." அப்புறம் நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் இல்லை. கட்டுரையை எடுத்துவிடுங்கள், நான் வேறு ஜர்னலுக்கு அனுப்பிக்கொள்கிறேன் என்றதற்கு, எடுக்க 15,000 கட்ட வேண்டுமாம்! அது அங்கே கிடக்கும்வரை எந்த நல்ல ஜர்னலுக்கு அனுப்பினாலும் சிமிலாரிட்டி சோதனையில், ஏற்கெனவே வெளிவந்தது என்று, மாட்டும். 38,500 ரூபாயைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது. அந்த 64 பேர் வேலை முடிந்து களைத்து வந்து எனக்காக உட்கார்ந்து பேசினார்கள்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தாயிற்று. இரண்டு மாதம் கழித்துச் சொல்கிறீர்களே என்றார்கள். பணம் போனதும் உடனே அழையுங்கள்.

விரிவாக எழுத இப்போது மனசு இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஐஎஸ்எஸ்என் பொருந்துவதை வைத்து நம்பாதீர்கள். பதிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து ஜர்னலுக்குப் போங்கள், யாரோ அனுப்பிய லிங்க் வழியாக வேண்டாம். பழைய கட்டுரை இரண்டின் டிஓஐயைத் தட்டி, அதே தளத்துக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். தனிநபர் கணக்கு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். யூஜிசி-கேர் பட்டியலில் (யூஜிசி ஏற்ற ஜர்னல்களின் பட்டியல்) இருக்கிறது என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தப் பட்டியலே 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. முதலில் உங்கள் நூலகரைக் கேளுங்கள், நான் கடைசியில் கேட்டேன்.

இன்று மதியம் அதே குரல் என் ஜூனியரை அழைத்திருக்கிறது. அவளுடைய டேபிளும் ரொம்ப முக்கியமானதாம்.