மீடியம் வேவில் கடல்கடந்த நிலையங்கள்: கையடக்க ரேடியோவா, எஸ்.டி.ஆரா?

எஸ்.டி.ஆர் என்றால் கம்ப்யூட்டர் மென்பொருளையே ரேடியோவாக்கும் முறை. எட்டு மாதம் அதற்கான சின்னக் கருவியான ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர் வி3 டாங்கிளை லேப்டாப்பில் செருகி, மொட்டை மாடியில் கட்டிய வயரோடு மீடியம் வேவ் கேட்டேன். இப்போது டாங்கிள் அலமாரியில் கிடக்கிறது. தினமும் கையில் எடுப்பது டெக்சன் பிஎல்-380 கையடக்க ரேடியோ, கூடவே சட்டத்தில் நானே கம்பி சுற்றிய ஒரு லூப் ஆன்டெனா.

எஸ்.டி.ஆரின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை மொத்த பேண்டும் ஒரே திரையில் விரியும். அப்படியே பதிந்துவைத்து மறுநாள் ஒவ்வொரு அலைவரிசையாகக் கேட்கலாம். 16 பிட்டில் பதிந்தால் நிமிடத்துக்கு 500 எம்.பி. போல ஓடிவிடும், அவ்வளவுதான். ரேடியோவில் இந்த வசதி கிடையவே கிடையாது. ஆனால் நான் இருப்பது திருச்சியில். உள்ளூர் வானொலியின் 936 இங்கே அத்தனை பலமாக வரும். சிக்னலை 8 பிட்டில்தான் அளக்கும் டாங்கிள் அதில் திணறி, பேண்டின் வேறு இடங்களிலும் அதே குரலைக் காட்டியது. விலை கூடிய எஸ்.டி.ஆர்களில் இந்தத் தொல்லை குறைவு என்கிறார்கள். நான் வாங்கிப் பார்த்ததில்லை.

என்னை மாற்றியது இரைச்சல். ஒருநாள் இரவு கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மேலிருந்து கீழாக நின்ற பட்டை பட்டையான கோடுகள் சட்டென்று மறைந்து, அதுவரை கண்ணில் படாத மெல்லிய கோடுகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு நிலையம்! ஒரு நிமிடம்கூட இல்லை, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கியதும் எல்லாம் மறுபடி மூழ்கிவிட்டன. எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர், ரூட்டர் எல்லாமே இந்த பேண்டில்தான் கத்துகின்றன. மாடி வயர் அத்தனையையும் வாரி எடுத்துக்கொள்ளும். எஸ்.டி.ஆருக்கும் லூப் மாட்டலாமே என்று கேட்பீர்கள். மாட்டினேன். பிறகுதான் லேப்டாப்பே எவ்வளவு இரைகிறது என்று தெரிந்தது.

பிஎல்-380 மூன்று பென்டார்ச் பேட்டரியில் ஓடும். உள்ளே ஆன்டெனாவாக இருப்பது ஃபெரைட் கம்பி. அதன் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துச் சிக்னல் அடங்கிவிடும். இரைச்சல் வரும் திசைக்கு முனையைக் காட்டினால் போதும். நிலையமும் அதே நேர்கோட்டில் இருந்தால் மட்டும் வழியில்லை. லூப்புக்கு 60 செ.மீ. மரச்சட்டம், 10 சுற்று கம்பி, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டன்சர் (திருப்பி அலைவரிசைக்கு ஒத்திசைக்கும் பாகம்). ரேடியோவோடு வயர் இணைப்பே வேண்டாம், பக்கத்தில் வைத்தால் போதும். கேங்கை மெல்லத் திருப்பும்போது ஓரிடத்தில் ரேடியோவின் சிக்னல் மீட்டர் எண் குபீரென்று ஏறும். பழகினால் விரலுக்கே அந்த இடம் தெரிந்துவிடும்.

அப்புறம், இரண்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கொள்ளிடம் மணலுக்குப் போய்விடலாம். இலங்கையின் புத்தளத்திலிருந்து வரும் 882 இருட்டியதும் எளிதாக வந்துவிடும், 400 கிலோவாட் நிலையம் அது. நான் காத்திருந்தது டாக்காவின் 693-க்கு. நிலையப் பெயரை மணிக்கு மணிதான் சொல்வார்கள். பங்களாதேஷ் நமக்கு அரை மணி முன்னால் என்பதால், நம் கடிகாரத்தில் எட்டரைக்குக் காது கொடுக்க வேண்டும். 8.29-க்கு ரேடியோவைக் கால்வாசி திருப்பினேன், இரைச்சல் கீழே இறங்கியது. எட்டரைக்குப் பெண் குரலில் அந்நாட்டு வானொலியின் பெயர் "பங்களாதேஷ் பேதார்" என்று தெளிவாகக் கேட்டது.