ஓவர் தி கேப்: மார்ச்சில் கில்லாடி, ஆகஸ்டில் அரைகுறை

அமெரிக்கக் காற்பந்தைத் தொடர்ந்து பார்க்கும் தமிழர்கள் கோலாலம்பூரில் அதிகம் இல்லை. இருப்பவர்களில் பலர் பேண்டஸி லீக் (நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டும் போட்டி) வழியாக உள்ளே வந்தவர்கள். ஆகஸ்ட் கடைசி வாரம், அணிகள் ஆட்களை வெட்டிப் பட்டியலை 53 பேராகச் சுருக்கும் நாள் வந்தால், அவர்களுடைய வாட்ஸ்அப் குழுக்களில் ஓவர் தி கேப் என்ற இணையதளத்தின் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். "இவரை வெட்டினால் 4 மில்லியன் டாலர் மிச்சம், கட்டாயம் தூக்கிவிடுவார்கள்" என்று ஒருவர் போடுவார். மறுநாள் பார்த்தால் அந்த ஆள் அணியில் பத்திரமாக இருப்பார். யாரும் பேசாத வேறொருவர் வெளியே போயிருப்பார். தளம் சொன்ன எண் தப்பில்லை. அந்த இரவுக்கு அது தேவையில்லாத எண், அவ்வளவுதான்.

ஜேசன் ஃபிட்ஸ்ஜெரால்டு தொடங்கிய இந்தத் தளம் அமெரிக்கக் காற்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் 32 அணிகளின் ஒப்பந்தக் கணக்கையும் ஆள்வாரியாகக் காட்டுகிறது. முக்கியமான அட்டவணைகளைப் பார்க்கக் காசு கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அடிப்படைச் சம்பளம், அந்த ஆண்டுக்கு விழும் போனஸ் பங்கு, உத்தரவாதம் உள்ள சம்பளம், மொத்தக் கேப் எண் என்று கட்டங்கள் நீளும். கேப் என்பது ஓர் அணி ஓர் ஆண்டில் தாண்டக் கூடாத சம்பள உச்சவரம்பு; கேப் எண் என்பது அதில் ஓர் ஆட்டக்காரர் பிடிக்கும் பங்கு. வலது ஓரத்தில் அவரை வெட்டினால், வேறு அணிக்கு மாற்றிவிட்டால், ஒப்பந்தத்தைத் திருத்தினால் என்ன ஆகும் என்ற கணக்கு. இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்த்து வளர்ந்த நம் ஆட்களுக்கு முதலில் குழப்புவது இந்த ஓரம்தான். அங்கே ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்; இடையில் அனுப்ப வேண்டுமென்றால் பேசித் தீர்த்து, பணம் கொடுத்துத்தான் அனுப்ப முடியும். இங்கே உத்தரவாதம் எழுதாத சம்பளம் வெட்டிய நிமிடமே மறைந்துவிடும். ஏற்கெனவே கையில் கொடுத்த போனஸ் மட்டும் கணக்கை விட்டுப் போகாது. அதற்குப் பெயர் டெட் மணி.

ஓர் உதாரணக் கணக்கு. ஐந்தாண்டு ஒப்பந்தம், கையெழுத்துப் போனஸ் 10 மில்லியன். கேப் கணக்கில் அது ஆண்டுக்கு 2 மில்லியனாகப் பிரிந்து விழும். ஐந்தாண்டுக்கு மேல் பிரிக்க அனுமதி இல்லை. மூன்றாம் ஆண்டுச் சம்பளம் 7 மில்லியன் என்றால் அந்த ஆண்டின் கேப் எண் 9. மார்ச்சில் வெட்டினால் மீதமுள்ள 6 மில்லியன் போனஸும் ஒரே ஆண்டில் வந்து விழும். மிச்சம் 3 மட்டுமே. ஜூன் 1க்குப் பிறகு வெட்டினால் இந்த ஆண்டுக்கு 2, அடுத்த ஆண்டுக்கு 4 என்று பிரியும், மிச்சம் 7. ஆகஸ்டில் நடப்பது எல்லாமே ஜூன் 1க்குப் பிந்தைய வெட்டுதான். ஆனால் தளத்தில் ஜூன் 1க்கு முன், பின் என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. எது திறந்திருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை எடுத்து வாதாடுகிறவர்கள்தான் அதிகம்.

மார்ச் மாதத்துக்கு இந்தத் தளத்துக்கு ஈடே கிடையாது. 2024இல் டென்வர் அணி ரஸ்ஸல் வில்சனை அனுப்பியபோது 85 மில்லியன் டெட் மணி. மார்ச்சில் வெட்டினாலும் ஜூன் 1க்குப் பிந்தைய வெட்டாகக் கணக்கிட விடும் சலுகையைப் பயன்படுத்தி அதை 2024க்கு 53, 2025க்கு 32 என்று பிரித்தார்கள். இவ்வளவு பெரிய அடியை ஒரு நிர்வாகம் ஏன் ஏற்றுக்கொள்கிறது என்பது ஒப்பந்தப் பக்கத்தைத் திறந்தால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்: வைத்திருந்தால் அடுத்தடுத்த உத்தரவாதங்கள் உறுதியாகிக்கொண்டே போகும். கட்டம் காட்டாத ஒரு நுணுக்கமும் அதில் உண்டு. வில்சன் பிட்ஸ்பர்க்கில் குறைந்தபட்சச் சம்பளமான 1.21 மில்லியனுக்குச் சேர்ந்தார். டென்வர் அவருக்குத் தர வேண்டியிருந்த 39 மில்லியன் உத்தரவாதத்திலிருந்து கழிந்தது அந்தச் சின்னத் தொகை மட்டுமே. இப்படி ஈடுகட்டும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதை ஆட்டக்காரரின் தனிப் பக்கத்தில் உள்ள குறிப்புகளிலோ செய்திகளிலோதான் தேட வேண்டும்.

ஆகஸ்டுக்கு வருவோம். 90 பேரை 53 ஆக்க வேண்டும். 2023 முதல் இடைப்பட்ட வெட்டுகள் இல்லை. ஒரே கெடுவுக்குள் அணிக்கு 37 பேர், மொத்தம் 1,184 பேர். இவர்களில் மிகப் பெரும்பான்மை குறைந்தபட்சச் சம்பளக்காரர்கள். 2025இல் புதுமுகத்துக்கு அது 8,40,000 டாலர், நான்கு ஆண்டு ஆடியவருக்கு 1.17 மில்லியன். அந்த ஆண்டு கேப் 279.2 மில்லியன். அந்த வித்தியாசத்துக்காக ஒரு நிர்வாகம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாது.

அதோடு 51 பேர் விதி. சீசன் தொடங்கும்வரை கேப் கணக்கில் சேர்வது சம்பளத்தில் மேலே இருக்கும் 51 பேர் மட்டும். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒருவர் போனால் 52ஆவது ஆள் உள்ளே ஏறுவார். முன்பு சொன்ன உதாரணத்தில் மிச்சம் 7 என்று தளம் காட்டும். ஏறி வருபவரின் எண் 0.96 என்றால் அணிக்கு உண்மையில் கிடைப்பது 6.04. பட்டியலுக்கு வெளியே இருப்பவரை வெட்டினால் ஒரு காசு தேறாது. 'மிச்சம்' கட்டத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. தளத்தின் கால்குலேட்டரைத் திறந்து ஆளை நீக்கிப் பார்த்து, கடைசியில் நிற்கும் மொத்த இடத்தை எடுத்துக்கொள்வதே சரி.

அந்த மொத்த இடமும் ஏமாற்றும். ஆகஸ்ட் 25 அன்று ஓர் அணிக்கு 5 மில்லியன் இருப்பதாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சீசன் தொடங்கியதும் 52, 53ஆவது ஆட்கள் கணக்கில் சேர்வார்கள்: 1.68 மில்லியன். பிராக்டிஸ் ஸ்குவாடில், அதாவது 53க்கு வெளியே பயிற்சிக்கு வைத்திருக்கும் குழுவில், 16 பேர். 2025 விகிதப்படி இளைஞருக்கு வாரம் 13,000 டாலர், 18 வாரத்துக்கு 2,34,000. பதினாறு பேருக்கு 3.74 மில்லியன். கூட்டினால் 5.42. அந்த அணி இப்போதே 4 லட்சம் டாலர் கடனில் இருக்கிறது. காயப்பட்டவருக்குப் பதில் ஆள் எடுக்கக்கூட வழியில்லை. அந்த நாளில் திடீரென்று யாரோ ஒரு நட்சத்திரத்தின் ஒப்பந்தத்தைத் திருத்தி சம்பளத்தை போனஸாக மாற்றினார்கள் என்று செய்தி வந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். பெரிய திட்டம் எதையும் தேட வேண்டாம்.

அப்படியானால் வெட்டு நாளில் இந்தத் தளத்தில் எதைப் பார்ப்பது? இரண்டே இரண்டு. முதலாவது உத்தரவாதச் சம்பளக் கட்டம். அங்கே தொகை இருந்தால் அவரை வெட்ட நிர்வாகம் தயங்கும். சான் பிரான்சிஸ்கோவுக்கு 2023இல் டிரே லான்ஸ் விஷயம் அப்படித்தான். 2021 டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாகப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் நாள்) மூன்றாவது இடத்தில் தேர்வானவர், சம்பளம் முழுக்க உத்தரவாதம், சாம் டார்னால்டு அவரை முந்திவிட்டார். வெட்டினால் முழுச் செலவு. டல்லாஸுக்கு மாற்றினால் டிராஃப்டின் நான்காவது சுற்றுத் தேர்வு ஒன்று கையில், மீதிச் சம்பளம் அவர்கள் தலையில். தளத்தில் 'வெட்டினால்', 'மாற்றினால்' இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் முடிவு தானாகத் தெரியும். முதல் சுற்றுத் தேர்வுகளை வாரிக் கொடுத்து வாங்கியவரை நான்காம் சுற்றுக்குத் தள்ளிவிட ஒரு நிர்வாகத்துக்குத் துணிச்சல் வேண்டும், அது தனிக் கதை.

இரண்டாவது, ஆட்டக்காரர் பக்கத்தில் உள்ள நுழைவு ஆண்டு. நான்கு சீசன் கணக்கு முடித்தவர் ஆகஸ்டில் வெட்டப்பட்டால் நேராகச் சந்தைக்குப் போகிறார், விரும்பிய அணியோடு பேசலாம். 2021 ஆகஸ்ட் 31 அன்று நியூ இங்கிலாந்து அனுப்பிய கேம் நியூட்டன் அந்த வகை. அதற்குக் குறைந்தவர் வெய்வருக்குப் போவார், அதாவது மற்ற 31 அணிகளும் அவருடைய ஒப்பந்தத்தைக் கேட்கலாம். முந்தைய சீசன் நிலையை வைத்து, மோசமாக ஆடிய அணிக்கே முதல் உரிமை. நுழைவு ஆண்டை வைத்து மனக்கணக்குப் போடும்போது ஒரு ஜாக்கிரதை: பிராக்டிஸ் ஸ்குவாடில் கழித்த ஆண்டு கணக்கில் வராது. 2021இல் வந்தவர் என்றாலும் நான்கு முடித்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

முதல் 53 பேர் பட்டியலை இறுதி என்று எடுத்துக்கொள்வது அடுத்த தப்பு. 2023இல் நியூ இங்கிலாந்து பெய்லி சாப்பி, மாலிக் கனிங்ஹம் இருவரையும் வெட்டியது. அன்றிரவுக் கணக்குப்படி அணியில் மிஞ்சிய ஒரே குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மேக் ஜோன்ஸ். மாற்று ஆளே இல்லையா என்று கேலி பறந்தது. இருவரையும் எந்த அணியும் கேட்கவில்லை. இருவரும் பிராக்டிஸ் ஸ்குவாடுக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் கேட்க மாட்டார்கள் என்ற ஊகத்தில் இரண்டு இடத்தை வேறு ஆட்களுக்கு ஒதுக்கிய சூதாட்டம் அது. எந்தக் கேப் கட்டத்திலும் இதைப் படிக்க முடியாது.

கடைசி ஐந்தாறு இடங்களைத் தீர்மானிக்கும் விஷயமும் தளத்தில் இல்லை: பந்தை உதைக்கும் கட்டங்களில் இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸ். ஆட்ட நாளில் 53 பேரில் 48 பேர்தான் களமிறங்கத் தகுதி பெறுவார்கள், அதுவும் அவர்களில் எட்டுப் பேர் தாக்குதல் வரிசை லைன்மேன்களாக இருந்தால். ஐந்தாவது ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்), நான்காவது சேஃப்டி (பின்வரிசைத் தடுப்பாளர்) போன்றவர்கள் கிக்காஃபிலும் பன்ட்டிலும் ஓடித் தடுக்கத் தெரியாதவர்களாக இருந்தால் இடம் கிடைப்பது கஷ்டம். 2024இல் கிக்காஃப் விதி மாறியபின் அந்த வேலைக்கு எப்படிப்பட்ட உடம்பு தேவை என்பதே மாறிவிட்டது. ஆகவே இந்தத் தளத்துக்குப் பக்கத்திலேயே ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸின் ஸ்னாப் எண்ணிக்கை (ஒருவர் எத்தனை முறை களத்தில் இருந்தார்) பக்கத்தையும் திறந்து வையுங்கள். முந்தைய சீசனில் ஸ்பெஷல் டீம்ஸ் கட்டத்தில் பாதிக்கு மேல் ஆடியவரை வெட்டு வாய்ப்புப் பட்டியலில் போடும் முன் இரண்டு முறை யோசிக்கலாம்.

நேரக் கணக்கு நமக்குச் சாதகம். கெடு அமெரிக்கக் கிழக்கு நேரம் செவ்வாய் மாலை 4. கோலாலம்பூரில் புதன் அதிகாலை 4. அதற்காக அலாரம் வைப்பது வீண். பெரிய பெயர்கள் செவ்வாய் இரவு நாம் சாப்பிட்டு முடிப்பதற்குள்ளேயே கசிய ஆரம்பித்துவிடும். முழுப் பட்டியல் காலையில் கிடைக்கும். உண்மையான நேரம் புதன் இரவு 12. அப்போதுதான் வெய்வர் கோரிக்கை முடிகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்து பார்க்கத் தோதான நேரம். அடுத்த சில மணி நேரத்தில் பிராக்டிஸ் ஸ்குவாட் பெயர்கள் வந்துவிடும். ஓவர் தி கேப் இதையெல்லாம் உடனுக்குடன் பதிவு செய்யும் இடம் இல்லை. புது ஒப்பந்தங்களின் முழு விவரம் வெளிவரவே சில நாள் பிடிக்கும். அதுவரை எண்களை நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள். யார் போனார், யார் வந்தார் என்பதற்கு இன்னொரு ஒப்பந்தத் தளமான ஸ்போட்ராக்கின் பரிவர்த்தனைப் பக்கம் வசதி. அங்கே சில பகுதிகளுக்குச் சந்தா உண்டு. ஒப்பந்த விளக்கத்தில் ஓவர் தி கேப் ஒரு படி மேல்.

கைப்பேசியில் இந்தத் தளம் தொல்லைதான். கட்டங்கள் அகலம், பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போனால் எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். திரையைப் படுக்கையாகத் திருப்புங்கள். கால்குலேட்டருக்கு மடிக்கணினியே மேல்.

புதனோடு மூடிவிடாதீர்கள். காயப்பட்டவரை 53க்குள் ஒரு நாள் வைத்திருந்து, பிறகு காயப் பட்டியலுக்கு அனுப்பி, அவர் இடத்தில் முந்தின நாள் 'வெட்டிய' மூத்தவரைத் திரும்பச் சேர்ப்பது பழைய தந்திரம். 2024 முதல் இரண்டு பேரைத் திரும்பி வரும் உரிமையோடு வெட்டு நாளிலேயே காயப் பட்டியலில் போடலாம் என்பதால் அது குறைந்திருக்கிறது; நின்றுவிடவில்லை. இன்னொன்று முதல் ஆட்டம் முடிந்தபின் வரும். நான்கு சீசன் முடித்த மூத்தவர் முதல் ஆட்டத்தன்று அணியில் இருந்தால், பிறகு அவரை வெட்டினாலும் மீதிச் சம்பளத்தைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அந்தச் சுமையை ஏற்க விரும்பாத அணிகள் இரண்டாவது வாரத்தில்தான் அவர்களைச் சேர்க்கும். செப்டம்பர் நடுவில் பிராக்டிஸ் ஸ்குவாடிலிருந்து மேலேறும் மூத்தவர்களின் பெயர்களை, ஆகஸ்டில் எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.