எலக்ட்ரானிக் தம்பூரா: காந்தாரம் அருமை, பீப் சகிக்கவில்லை

தளர்ந்துபோன அடாப்டர் துளையைச் சரிசெய்துகொண்டு, பாடும்போது கூடவே சுருதி ஒலிக்கும் பெட்டியான என் எலக்ட்ரானிக் தம்பூரா நேற்றுதான் வீடு திரும்பியது. கைபேசியில் சுருதிச் செயலி இலவசமாகக் கிடைக்கும்போது இந்தப் பெட்டிக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா என்று தோழி ஒருத்தி கேட்டிருப்பதால், சில ஆண்டுகளாக இதனோடு பாடிவருபவள் என்ற முறையில், நிறுவனத்தின் பெயரை மட்டும் தவிர்த்துவிட்டு எழுதுகிறேன்.

நான் மேடைப் பாடகி அல்லள். மாலையில் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு, தோன்றுகிற கல்பனாஸ்வரங்களை (அந்தந்த நேரத்தில் கற்பனையாகக் கோக்கும் சுரங்களை) பாடிப் பார்ப்பதோடு என் சங்கீதம் முடிந்துவிடும். அதற்கு இந்தப் பெட்டி செய்யும் உதவி, வாங்கும்போது நான் எதிர்பாராதது. இதன் ஒலி மின்சுற்றில் பிறந்ததன்று; உண்மையான தம்பூராவை மீட்டிப் பதிவு செய்தது. ஆகவே தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் ஜீவா நூல் எழுப்பும் அந்த ரீங்காரம் அப்படியே இருக்கிறது. மந்தர ஸட்ஜம் (கீழ் ஸ்தாயி 'ஸ') ஒலித்து அடங்கும்போது, அதன் அதிர்வெண்ணின் ஐந்து மடங்கில், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் ('க' சுரத்தின் உயர்ந்த வகை) தானாகக் கேட்கிறது. கீபோர்டின் காந்தாரத்தைவிட அது ஏறக்குறைய 14 சென்ட் தாழ்ந்தது (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). மோகனம் பாடும்போது அந்த இடத்தில் குரலைக் கொண்டுபோய் நிறுத்தினால், அடுத்த பிடி (சுரக் கோவை) எங்கே போகவேண்டும் என்பது தானாகவே தெரியும். திரையோ, விளம்பரமோ, நடுவில் வரும் அழைப்போ இல்லாதது கூடுதல் நிம்மதி.

இவ்வளவையும் காது கொடுத்துச் செய்தவர்கள், பொத்தானை அழுத்தும்போதெல்லாம் 'பீப்' என்று ஓர் ஒலி வரவேண்டும் என்று எப்படித்தான் முடிவு செய்தார்களோ! எந்தக் கட்டைக்கு (ஆதார சுருதியின் அளவுக்கு) மாற்றினாலும் அந்த ஒலி மாறுவதில்லை. 5½ கட்டையில் பாடும் எனக்கு அது சுத்த ரிஷபத்திற்குச் சற்று மேலே, எதிலும் சேராமல் நிற்கிறது. ரிஷபமும் பஞ்சமமும் இல்லாத ஹிந்தோளத்திற்கு மாறலாம் என்று தோன்றினால் பஞ்சமத்தில் இருக்கும் முதல் தந்தியை மத்தியமத்திற்கு இறக்கவேண்டும். அந்தப் பொத்தானோ ஒரே திசையில்தான் நகரும் என்பதால் நிஷாதத்தைக் கடந்துதான் மத்தியமத்திற்கு வரமுடியும். ஆக இரண்டு பீப். மனத்தில் அரைகுறையாக உருவாகியிருந்த பிடி அதற்குள் கலைந்துவிடுகிறது. ராகத்தை மாற்றும் அந்த நொடியில்தான் வீட்டில் பாடுபவருக்குப் புதிதாக ஏதாவது தோன்றும் என்பதை, வடிவமைத்தவர்கள் ஒருநாளாவது இதை வைத்துக்கொண்டு பாடிப் பார்த்திருந்தால் அறிந்திருப்பார்கள்.

பழுதுபார்ப்பவரிடம் அந்த ஒலியை மட்டும் துண்டித்துத் தரமுடியுமா என்று கேட்டேன். "தனி பஸ்ஸர் இருந்தா எடுத்துடலாம்மா, இது புரோகிராம்லயே இருக்கு, அதே ஸ்பீக்கர்லதான் வருது" என்றார். ஒலியளவைக் குறைத்தால் தம்பூராவும் சேர்ந்து குறைகிறது.

நியாயமாகப் பார்த்தால், நாதத்தில் இந்த விலையில் நான் கேட்ட எதுவும் இதற்கு ஈடில்லை; அடாப்டர் துளையைத் தவிர வேறு பழுதும் வந்ததில்லை. ஆனாலும் தோழிக்கு என் பதில், வாங்காதே என்பதுதான். ஒரே ராகத்தை ஒரு மணி நேரம் பாடுபவள் என்றால் சொல்லியிருக்கமாட்டேன். அவளோ என்னைப் போலவே பத்து நிமிடத்திற்கு ஒரு ராகம் தாவுபவள். வேறு மாதிரி எதையாவது பார்க்கப் போனால், கடையில் சுருதியை ஓடவிட்டு, ஒரு பொத்தானை அழுத்திக் கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசட்டும். அதுவரை கைபேசிச் செயலியை நல்ல ஸ்பீக்கரில் இணைத்து, ஏரோப்பிளேன் மோடில் போட்டுக்கொண்டு பாடலாம்.