வண்டலூர் உயிரியல் பூங்கா: அரை நாளில் பார்த்தவை

சென்னையில் வாழ்ந்துகொண்டு வண்டலூருக்குப் போகாத குடும்பம் அரிது. போய் வந்தவர்களைக் கேட்டால், விலங்குகளுக்கு முன்பாகக் கால்வலியைப் பற்றித்தான் பேசுவார்கள். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 602 ஹெக்டேர் என்பதால், பொருட்காட்சிக்குப் போவதுபோல ஒரே நாளில் அனைத்தையும் பார்த்துவிட எண்ணுபவர்கள் களைத்துத்தான் திரும்புவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் போய் நாங்கள் செய்த தவறும் அதுவே: நிழல் தேடிப் படுத்துவிட்ட விலங்குகளின் முதுகுகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்.

இம்முறை சனவரியில், வார நாளாகப் பார்த்துக் காலை ஒன்பது மணிக்கே உள்ளே நுழைந்தோம். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நினைவில் கொள்ளவும். எழுபதைத் தொடும் என் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதால் முதலில் பேட்டரி வண்டியில் ஒரு சுற்று வந்து, எங்கெங்கே நிற்கலாம் என்று முடிவு செய்துகொண்டு, பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் மெல்ல நடந்தோம். முதியவர்களோடு போகும் எவருக்கும் இந்த வரிசையையே பரிந்துரைப்பேன். பதின்பருவப் பிள்ளைகள் இருந்தால் வாடகை மிதிவண்டி அவர்களுக்குப் போதும்.

அம்மா இன்றும் இந்த இடத்தை 'உயிர் காலேஜ்' என்றுதான் சொல்கிறார். 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்டு பால்ஃபர் தொடங்கிய விலங்குக் காட்சி, பின்னர் சென்ட்ரல் அருகிலிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. உயிரற்றவை இருந்த அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்' என்றும், உயிருள்ளவை இருந்த பூங்கா 'உயிர் காலேஜ்' என்றும் ஊர்வாயில் பெயர் பெற்றன. அங்கே சிறுமியாகக் கம்பிக்கு மிக அருகில் நின்று புலியைப் பார்த்த அம்மாவுக்கு, 1985இல் வண்டலூரில் திறக்கப்பட்ட இப்பூங்காவின் அமைப்பு சற்று ஏமாற்றமாகவே இருந்தது. இங்கே பெரிய விலங்குகளுக்கும் நமக்கும் நடுவே கம்பிக்குப் பதிலாக ஆழமான அகழி இருக்கிறது. அகழி எளிதில் கண்ணில் படாததால் புலி நம்முடைய தரையிலேயே நடப்பதுபோலத் தோன்றும். ஆனால் அது விரும்பினால் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளவும் முடியும். வெள்ளைப் புலிக்காக இருபது நிமிடங்கள் காத்திருந்தோம். "பாட்டி, அதுக்கு நம்மளப் பார்க்க இஷ்டமில்லை போல" என்றாள் என் மகள். அப்படி இஷ்டப்படாமல் இருக்கும் உரிமையை விலங்குக்குத் தந்திருப்பதே இப்பூங்காவில் எனக்கு மிகவும் பிடித்தது. அம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை.

பொறுமை குறைந்த குழந்தைகளுக்குச் சிங்கவால் குரங்குகளும் நீர்யானையும் ஏற்றவை. பறவைப் பிரியர்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ஓட்டேரி ஏரியைத் தவறவிடக் கூடாது. அங்கே கூண்டும் இல்லை, அகழியும் இல்லை. குளிர்காலத்தில் பறவைகள் தாமாக வந்து இறங்குகின்றன. நாங்கள் மிக நீண்ட நேரம் அமர்ந்திருந்ததும் அந்தக் கரையில்தான்.

2016 டிசம்பரில் வர்தா புயல் இங்கே ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது; எல்லா இடத்திலும் நிழல் இருக்கும் என்று நம்பாமல் தொப்பியும், எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீரும் எடுத்துச் செல்வது நல்லது. சாப்பாட்டுப் பையைத் திறக்கும்போது, நுழைவுச்சீட்டு வாங்காமலே உள்ளே திரியும் நாட்டுக் குரங்குகள் மீது ஒரு கண் இருக்கட்டும்.

கடற்கரை–செங்கல்பட்டு தடத்தின் புறநகர் ரயிலில் வண்டலூரில் இறங்கிவிடலாம். பேருந்தில் வருபவர்களுக்குக் கிளாம்பாக்கம் முனையம் பக்கத்திலேயே இருக்கிறது. பகல் ஒன்றரை மணிக்கெல்லாம் வெளியே வந்துவிட்டோம். சிங்க உலாவையும் பாம்புகளையும் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறோம்.