இரவு ஷிஃப்டில் ஒரு பாதுகாப்புக் கன்சோல்: 14 மாத அனுபவம்

பெல்லந்தூர் பக்கம், அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் எங்கள் சாக் இருக்கிறது. சாக் என்றால் பாதுகாப்புக் கண்காணிப்பு அறை. வாடிக்கையாளர் நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் சந்தேகப்படும்படி எது நடந்தாலும் முதலில் எங்கள் திரையில்தான் தெரியும். இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் இருப்போம். நான் பெரும்பாலும் இரவு ஷிஃப்டுக்குப் பொறுப்பு. சொந்த ஊர் விருதுநகர், பெங்களூர் வந்து 11 வருடம் ஆகிறது.

போன வருடம் எங்களுக்கு ஒரு புது இ.டி.ஆர். மென்பொருள் வந்தது. ஒவ்வொரு லேப்டாப்பிலும் சர்வரிலும் ஒரு சின்ன ஏஜென்ட் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்கும். தப்பாக எதாவது ஓடினால் எங்களுக்கு அலர்ட் வரும். ஆபத்து என்று பட்டால் அந்தக் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்துவைக்க ஒரு பட்டன் உண்டு. அதைத்தான் ஐசொலேட் என்கிறோம். ஒப்பந்தம் இருப்பதால் மென்பொருளின் பெயரைப் போடவில்லை. இதே வகையில் ஒன்றை வாங்க யோசிப்பவர்களுக்குப் பெயர் இல்லாமலே இது பயன்படும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இன்வாய்ஸ் என்று ஒரு வேர்டு ஃபைல் வந்து, அதைத் திறந்ததும் பின்னால் பவர்ஷெல் (விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) ஓடத் தொடங்கினால் சில நொடிகளில் அலர்ட் வந்துவிடுகிறது. எது எதை ஓடவிட்டது என்பதைக் கிளை கிளையாக வரைந்தும் காட்டுகிறது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்கள் புதுப் பிள்ளைகள் தாக்குதல் எப்படி நகரும் என்று கற்றுக்கொண்டார்கள். இப்படிக் கண்டுபிடிக்கும் இன்ஜினை எழுதியவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

குறை எல்லாம் கன்சோலில்தான், அதாவது நாங்கள் அலர்ட்டைப் பார்த்து வேலை செய்யும் திரையில். டெமோ நடந்தது ஒரு வேலை நாள் காலை 11 மணிக்கு, பெரிய மீட்டிங் அறையில். உலக வரைபடம், அதில் நாடு நாடாகச் சிவப்புப் புள்ளிகள், ஓரத்தில் பெரிய எண்கள். பார்த்தவர்கள் பணம் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவர்கள். அந்த வரைபடத்தை 14 மாதத்தில் நாங்கள் வேலைக்காக ஒருமுறைகூடத் திறக்கவில்லை. நாங்கள் எட்டு மணி நேரமும் பார்ப்பது அலர்ட் பட்டியலை மட்டும்தான். டெமோவில் அதற்குக் கிடைத்தது இரண்டே நிமிடம்.

அந்தப் பட்டியலில் அலர்ட்களின் பெயர்களே முதல் தொல்லை. ‘சந்தேக நடவடிக்கை, வகை 4’ என்று வரும். எந்தக் கம்ப்யூட்டர், யார் உபயோகிப்பது, என்ன நடந்தது என்று பார்க்க மூன்று கிளிக் உள்ளே போக வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு நூற்றைம்பது அலர்ட் வரும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடிக் கார்டுகளின் விவரம் திருடுபோனது. அப்போது அவர்களுடைய கண்காணிப்புக் குழு இதே பெங்களூரில் இருந்தது. இங்கே இருந்தவர்கள் அலர்ட்டைப் பார்த்து, தலைமை அலுவலகம் இருக்கும் மினியாபோலிஸுக்குத் தகவல் அனுப்பியதாகவும், அங்கே அதன்மேல் யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை என்றும் பிறகு செய்தி வந்தது. அந்த அலர்ட்டுக்கு மென்பொருள் வைத்த பெயர் ‘மால்வேர்.பைனரி’. அந்தப் பெயரைப் படித்தால், வந்திருப்பது கல்லாப்பெட்டியைத் துடைக்க வந்த திருடன் என்று யாருக்குத் தெரியும்? நம் ஊரில் ஒருவர் ராத்திரி விழித்திருந்து சரியாகப் பார்த்துச் சொல்லியும் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கும்.

இனி எங்கள் அறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

வாங்கி நான்காவது மாதம், இரவு 2:10. ஹொஸ்கோட்டே பக்கத்தில் உள்ள ஒரு வாடிக்கையாளரின் கிடங்கு. அங்கே அக்கவுண்ட்ஸ் லேப்டாப் ஒன்றில் பெரிய அலர்ட். பக்கத்து சீட்டில் இருந்த தம்பி தருமபுரிக்காரன், வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். கிளைப் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, “அக்கா, இது நிஜம்தான். ஐசொலேட் பண்ணிடலாமா?” என்றான். நானும் எழுந்து போய் அவன் திரையைப் பார்த்தேன். “பண்ணுப்பா” என்றேன். அவன் கணிப்பு முழுக்கச் சரி.

பட்டியலுக்குத் திரும்பி, அந்த வரியின் இடப்பக்கக் கட்டத்துக்கு மவுஸைக் கொண்டுபோனான். இந்தக் கன்சோல் 30 நொடிக்கு ஒருமுறை தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். சரியாக அவன் விரல் அமுக்கும் நேரத்தில் மேலே ஒரு புது அலர்ட் வந்து உட்கார்ந்தது. மொத்தப் பட்டியலும் ஒரு வரி கீழே இறங்கியது. மவுஸ் இருந்த இடத்துக்கு, அதுவரை மேலே இருந்த வரி வந்துவிட்டது. அது கிடங்கின் பில்லிங் சர்வர். அதன்மேல் இருந்ததோ ஒன்றுமில்லாத சில்லறை அலர்ட்.

இரண்டு பெயரும் கிடங்கின் குறியீட்டில் தொடங்குபவை. பட்டியலில் 12 எழுத்துதான் தெரியும், அதற்கப்புறம் மூன்று புள்ளி. இரண்டும் வேறுபடுவது 13-ஆவது எழுத்தில். பட்டனை அமுக்கியதும் நடுவில் ஒரு பெட்டி வந்தது: ‘1 சாதனம் தனிமைப்படுத்தப்படும். உறுதியா?’ எந்தச் சாதனம் என்று அதில் இல்லை. அவன் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தான், பெட்டியும் ஒன்று என்றுதான் கேட்டது. ஆம் என்று கொடுத்தான். நான் பின்னாலேயே நின்றிருந்தேன். நானாக இருந்தாலும் ஆம் என்றுதான் கொடுத்திருப்பேன்.

கால் மணி நேரத்தில் கிடங்கிலிருந்து போன். டிஸ்பாட்ச் கவுண்டரில் இருப்பவர் சேலத்துக்காரர். “மேடம், பில்லு அடிக்கவே மாட்டேங்குது. பதினோரு வண்டி கேட்டுக்குள்ளயே நிக்குது” என்றார். திருப்பி இணைக்கலாம் என்று பார்த்தால், துண்டிக்கும் பட்டன் இருந்த இடத்தில் இணைக்கும் பட்டன் இல்லை. நிர்வாகம் என்ற பகுதிக்குள் மூன்று அடுக்கு உள்ளே இருந்தது. தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்ய மொத்தம் 47 நிமிடம். அதில் பாதி நேரம் உண்மையில் நோய் பிடித்த லேப்டாப் நெட்வொர்க்கிலேயே இருந்தது. நல்லவேளையாக அது பரவவில்லை.

மறுநாள் அறிக்கையில் ‘மனிதத் தவறு’ என்று ஒரு வரி போடச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஹவாயில் 2018 ஜனவரி 13 அன்று, ஏவுகணை வருகிறது என்ற பொய் எச்சரிக்கை மக்களின் போனுக்கெல்லாம் போனது. விசாரணை அறிக்கையில் ஒரு விவரம் உண்டு: சோதனை எச்சரிக்கை அனுப்பினாலும் நிஜ எச்சரிக்கை அனுப்பினாலும் அந்த மென்பொருள் கேட்ட உறுதிக் கேள்வி ஒன்றேதான். ‘தவறான தகவல்’ என்று அனுப்பத் தயார்வாசகம் எதுவும் இல்லாததால், திருத்தம் போய்ச் சேர 38 நிமிடம் ஆனது. எங்கள் 47 நிமிடத்துக்கும் அதற்கும் காரணம் ஒன்றுதான். செய்யப் பட்டன் கையருகில், செய்ததை மாற்ற வழி கண்ணுக்கெட்டாத இடத்தில்.

விற்றவர்களின் முதல் பதில், “உங்கள் டீமுக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி தேவை” என்பது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 1999-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆல்மா விட்டனும் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஜே.டி. டைகரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மின்னஞ்சல் பழகிய 12 பேரிடம் பி.ஜி.பி. 5.0 என்ற மின்னஞ்சல் பூட்டு மென்பொருளையும் 90 நிமிடத்தையும் கொடுத்து, ரகசியச் செய்தியைப் பூட்டி, கையொப்பமிட்டு அனுப்பச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கு பேரால்தான் முடிந்தது. மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டார்கள். பூட்டு உறுதியானதுதான், திரைதான் அவர்களைக் கைவிட்டது. இவ்வளவு காலம் கழித்தும் பயிற்சி என்று சொன்னால் எப்படி? இதையெல்லாம் எழுதி, “உங்கள் டிசைனர்கள் ஒரே ஒரு ராத்திரி எங்களோடு வந்து உட்காரட்டும்” என்று கேட்டேன்.

வந்தார்கள். அதற்காக அந்த நிறுவனத்தை மனதாரப் பாராட்டுகிறேன். இரண்டு பேர், இரவு 10 மணிக்கு வந்து காலை 6 வரை இருந்தார்கள். அதிகம் பேசவில்லை, எங்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். ஒரு மணி வாக்கில் அவர்களில் ஒருவர் எங்கள் மானிட்டர்களின் அடியில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகளைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். ஆறு மானிட்டர், ஆறிலும் ‘+5:30’.

கன்சோல் நேரத்தை யு.டி.சி.யில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில், மட்டும்தான் காட்டும். நமக்கு இரவு 2:10 என்றால் திரையில் 20:40, தேதியும் முந்தைய நாள். 2022 ஏப்ரல் 28-இல் சர்ட்-இன் (இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) வெளியிட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை நம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். தூக்கக் கலக்கத்தில் மனக்கணக்காக ஐந்தரையைக் கூட்டி, தேதியை மாற்றி அறிக்கை எழுதும்போது ஒருமுறை நாளே தப்பாகிப் போனது. அனுப்புவதற்கு முன் பார்த்துவிட்டேன். டிசைனர் அந்த ஆறு சீட்டையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து வந்த பதிப்பில் நிறைய மாறியிருந்தது. மவுஸ் பட்டியலின் மேல் இருக்கும்வரை வரிகள் நகர்வதில்லை. புதிதாக வந்தவை ‘3 புதிய அலர்ட்’ என்று மேலே ஒரு பட்டையில் காத்திருக்கின்றன, நாம் தொட்டால்தான் இறங்குகின்றன. உறுதிப் பெட்டியில் முழுப்பெயர், எந்த இடம், லேப்டாப்பா சர்வரா என்று எல்லாம் வருகிறது. சர்வர் என்றால் அதன் பெயரை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். ஐசொலேட் செய்த வரியிலேயே திருப்பி இணைக்கும் பட்டனும் இருக்கிறது. அலர்ட் பெயர்கள் ‘வேர்டு ஃபைல் பவர்ஷெல்லை ஓடவிட்டது’ என்று வாக்கியமாகவே வருகின்றன. நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிவைக்கலாம். எங்களில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது; நிறத்தோடு எழுத்தும் சேர்ந்த பிறகு அவர் யாரையும் கேட்காமல் வேலை பார்க்கிறார். ஒரு அலர்ட்டை முடித்துவைக்க எங்களுக்கு ஆகும் நேரம் கண்கூடாகக் குறைந்திருக்கிறது. தருமபுரித் தம்பி இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

வாங்குகிறவர்கள் கவனிக்க இரண்டு விஷயம். அடிப்படைத் திட்டத்தில் லாக், அதாவது நடந்தவற்றின் பதிவு, 30 நாள்தான் இருக்கும். சர்ட்-இன் உத்தரவு 180 நாள் கேட்கிறது, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். முதல் பேச்சிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, டெமோவைக் காலையில் பார்க்காதீர்கள். உங்கள் டீமிலேயே புதியவர் யாரோ அவரை இரவு 2 மணிக்கு உட்காரவைத்து, துண்டித்ததைத் திருப்பி இணைக்கச் சொல்லுங்கள். அவர் யாரையும் கேட்காமல் செய்துவிட்டால் கையெழுத்துப் போடலாம்.

இன்னும் சரியாகாதது ஒன்று. சம்பவக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும்போதே 15 நிமிடத்தில் கன்சோல் வெளியேற்றிவிடுகிறது, எழுதியது போய்விடுகிறது. திறந்தபடி விடக்கூடாது என்ற நோக்கம் சரிதான், ஆனால் தட்டச்சு செய்துகொண்டிருப்பவரை ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்வது சரியில்லை. விற்றவர்களிடம் மூன்று முறை புகார் டிக்கெட் போட்டிருக்கிறேன். போன வியாழக்கிழமை காலை 4 மணிக்கு, முக்கால் பக்கம் எழுதியது எனக்கே போனது. இப்போதைக்கு எல்லோரும் நோட்பேடில் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். குறிப்புப் பெட்டியைச் சரிசெய்தால் நான்கு.