டீஜேயா, அகாடமியா, பக்கத்துப் பள்ளியா?

எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில், அக்டோபர் வந்தால் தீபாவளிப் பேச்சுக்கு முன்னால் எந்த உயர்நிலைப் பள்ளி என்ற பேச்சு வந்துவிடும். அமெரிக்காவில், வட வர்ஜீனியாவின் ஆஷ்பர்ன் பக்கம், பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் நின்றால் யாராவது கேட்பார்கள்: "என்ன சார், டீஜேக்குப் போடுறீங்களா?" போன வருடம் என்னிடம் கேட்டார்கள். லவுடன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கும் எங்களுக்கு உண்மையில் வழி மூன்று. ஆனால் பேச்சு எப்போதும் ஒன்றைச் சுற்றியே ஓடும்.

டீஜே என்பது தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி. 1985-ல் தொடங்கியது, ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி நடத்துகிறது, சுற்றியுள்ள கவுண்டிப் பிள்ளைகளும் சேரலாம். அதன் பெருமை ரேங்க் இல்லை. யுஎஸ் நியூஸ் வெளியிடும் பள்ளித் தரவரிசைப் பட்டியலில் 2022-ல் முதலிடம், 2024-ல் பதினான்காம் இடம். இரண்டே வருடத்தில் ஆய்வுக்கூடங்களை யாரும் பெயர்த்துக்கொண்டு போய்விடவில்லை. பெருமை அந்தக் கூடங்களில்தான். வானியல், கடலியல், நரம்பியல், ரோபாட்டிக்ஸ் என்று கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வைக் கையில் எடுக்கிறார்கள். 2013-ல் இந்தப் பிள்ளைகள் செய்த சிறு செயற்கைக்கோள் ஒன்று விண்ணுக்கே போனது. 'எட்டாம் பீரியட்' என்று பள்ளி நேரத்துக்குள்ளேயே கிளப்புகளுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். பகா எண்களைப் பற்றிப் பேச ஆளில்லாமல் மதியச் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்காரும் பிள்ளைக்கு இங்கே முதல் நாளே பத்துப் பேர் கிடைப்பார்கள். என்னைக் கேட்டால், அங்கே போக அந்த ஒரு காரணமே போதும்.

சரி, அதற்கு நாம் கொடுக்கும் விலை? ஆஷ்பர்னிலிருந்து சுமார் 30 மைல். டிசம்பரில் இருட்டோடு கிளம்பி, திரும்பும்போதும் பொழுது சாய்ந்திருக்கும். நண்பர்கள் ஐந்தாறு ஊர்களில் சிதறிக் கிடப்பதால், சனிக்கிழமை ஒரு புராஜெக்ட் என்றால் டிரைவர் வேலை நமக்கு.

உள்ளே நுழைவதும் பழைய கதை இல்லை. 2020-ல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். இப்போது ஜிபிஏ என்கிற மதிப்பெண் சராசரி, எட்டாம் வகுப்புக்குள் அல்ஜீப்ரா, அப்புறம் கட்டுரைகள். ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடம். நானூறு பேர் படிக்கும் பள்ளி என்றால் ஆறு இடம். மிச்ச இடங்கள் பொதுப் போட்டிக்கு. புது முறையின் முதல் வருடத்தில் 3,000க்கும் மேல் விண்ணப்பம், 550 இடம். இடம் கிடைத்தவர்களில் ஆசியப் பிள்ளைகளின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 ஆனது. புது முறையை எதிர்த்து வழக்கு நடந்து, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்ததோடு முடிந்தது. நியாயமா அநியாயமா என்று தமிழ் வகுப்பு வாசலில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. எனக்குப் பட்டது இதுதான்: அந்த ஆறு இடத்துக்கு முட்டிக்கொள்வது பெரும்பாலும் நம் தெருப் பிள்ளைகளே. அதை நம்பி ஆறாம் வகுப்பிலிருந்து கோச்சிங்குக்குப் பணம் கட்டுவது வீண்.

அகாடமிஸ் ஆஃப் லவுடன் பற்றி யாரும் இவ்வளவு பேசுவதில்லை. 2018-ல் லீஸ்பர்க்கில் திறந்த கட்டடம். ஒரு நாள் அங்கே, மறுநாள் வீட்டருகே உள்ள பள்ளியில். அறிவியல் அகாடமியில் பதினொன்று, பன்னிரண்டில் சொந்த ஆய்வு உண்டு. பொறியியலுக்குத் தனி அகாடமி. இதற்கும் போட்டி கடுமைதான். ஆனால் கால்பந்து அணி, பேண்ட் இசைக்குழு, தெரு நண்பர்கள் எல்லாம் கையை விட்டுப் போகாது. குறை என்னவென்றால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். எந்தப் பள்ளியில் இல்லாத நாளோ அன்றைக்குத்தான் அங்கே கிளப் கூட்டம் இருக்கும். பரீட்சைகள் இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் வந்து விழும். தேதி குறித்துவைக்கத் தெரியாத பிள்ளை திண்டாடும்.

பக்கத்துப் பள்ளியை 'கிடைக்காதவர்களுக்கு' என்று நினைப்பதுதான் நம் கோளாறு. ஏபி என்கிற கல்லூரித் தர வகுப்புகள் அங்கும் உண்டு. சமுதாயக் கல்லூரிப் பாடங்களை எடுத்துக் கிரெடிட்டும் வாங்கலாம். தூக்கமும் மிஞ்சும். தானாகத் தேடிப் போகும் பிள்ளைக்கு இது தாராளம். யாராவது பின்னால் நின்று தள்ள வேண்டிய பிள்ளை இங்கே சும்மா மிதக்கும். கல்லூரி இடத்தை வைத்து மட்டும் முடிவு செய்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நல்ல பள்ளி என்றால், அதே பல்கலைக்கழகத்துக்கு அதே வகுப்பிலிருந்து விண்ணப்பிக்கும் கெட்டிக்காரர்களும் அதிகம்.

நண்பர் ஒருவரின் மகள் வேறோர் ஊரில் இப்படி ஒரு போட்டிப் பள்ளியில் சேர்ந்தாள். தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்காதவள், முதல் கணக்குத் தேர்வில் 71. ஞாயிறு இரவு லேப்டாப்பைப் பாதி மூடியபடி அம்மாவிடம் சொன்னாளாம்: "அம்மா, இங்க எல்லாரும் என்னை மாதிரியே இருக்காங்கம்மா." நிம்மதியாகச் சொன்னாளா, உடைந்துபோய்ச் சொன்னாளா என்று அந்த அம்மாவுக்கு ஒரு மாதம் புரியவில்லை. நிம்மதிதான் என்று பிறகுதான் தெரிந்தது.

இதையே என் மகன் எந்தக் குரலில் சொல்வான் என்று நானும் மனைவியும் பல இரவுகள் யோசித்தோம். கடைசியில் அவனிடமே கேட்டோம். அவன் பஸ் நேரத்தைக் கேட்டான், பேண்டைப் பற்றிக் கேட்டான், அகாடமிக்கு மட்டும் விண்ணப்பித்தான். அவனோடு ஒரே கணக்கு வகுப்பில் இருந்த எதிர்வீட்டுப் பையன் அதே வாரம் டீஜேக்கு விண்ணப்பித்தான். இப்போது காலையில் முதலில் விளக்கு எரிவது அவர்கள் வீட்டில்தான். அவன் குஷியாகத்தான் போகிறான்.